மாரடைப்போடு ஒப்பிட்டால் சர்க்கரை நோயால் இறப்பவர்கள் குறைவுதானே, பிறகு ஏன் இவ்வளவு பயம்?

எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-இல் இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் சுமார் 1.9 கோடி பேர். சர்க்கரை நோயால் 20 லட்சத்துக்கு மேல், அதுவும் அதனால் வந்த சிறுநீரக மரணங்களையும் சேர்த்து. ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதே சரியில்லை.

ரத்தத்தில் வருடக்கணக்கில் சர்க்கரை கூடியே இருந்தால் நாளங்களின் உட்சுவர் கெடும், கொழுப்பு படியும், அப்புறம் அடைப்பு. இறப்புக் கணக்கில் அது பெரும்பாலும் மாரடைப்பாகவே பதிவாகும். அதனால் சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்தே கவனியுங்கள்.

இன்னொன்று, சர்க்கரை நோயில் நரம்புகளும் பாதிக்கப்படுவதால் மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு நெஞ்சுவலியே வராது. மூச்சுத்திணறல், வியர்வை, திடீர் அசதி மட்டும்தான். வாயுத்தொல்லை என்று படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.