ஆச்சியின் பாலைவனப் பயணத்துக்கு டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 63 வயது. விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டுச் செலவுக்கு ஓய்வூதியம் போதும். மாதம் ஆறாயிரம் ரூபாய் மிஞ்சும். வருகிற ஜனவரி நடுவில் ராஜஸ்தான் பாலைவனத்துக்கு, வழிகாட்டியுடன் பறவை பார்க்கும் ஏழு நாள் பயணம் போக ஆசை. ஜோத்பூரில் தொடங்கி ஜெய்சல்மரில் முடிகிறது. கட்டணம் 72,000 ரூபாய். இந்த ஜூன் மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் 7 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதிலிருந்து ஒரு லட்சம் எடுக்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் மகன், 1.2 லட்சம் ரூபாய் கேமரா லென்ஸ் ஒன்றை வட்டியில்லாத் தவணையில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். வாங்கலாமா?
- ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: ஆச்சி, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் டெபாசிட்டைத் தொட வேண்டாம். லென்ஸும் வேண்டாம்.

முதலில் டெபாசிட். அந்தத் திட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வழியில்லை. ஒரு லட்சம் வேண்டுமென்றால் கணக்கையே மூட வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டு முடிவதற்குள் மூடினால், போட்ட தொகையில் 1.5 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் 15 லட்சத்துக்கு அது 22,500 ரூபாய். பயண நிறுவனம் தரும் தள்ளுபடியோ 5,040 ரூபாய். ஐந்தாயிரம் மிச்சம் பிடிக்க இருபத்திரண்டாயிரத்தைத் தொலைப்பது எந்த ஊர்க் கணக்கு? மூடிய பணத்தைத் திரும்பப் போட்டாலும் அன்றைக்கு என்ன வட்டி விகிதமோ அதுதான் கிடைக்கும். இப்போதைய கணக்கில் 8.2 சதவீதம் ஐந்தாண்டுக்கு உறுதி.

அந்த 8.2 சதவீதம் உங்களுக்குக் காலாண்டுக்கு 30,750 ரூபாய் தருகிறது. வரிப் பிடித்தம் இருந்தால் கொஞ்சம் குறையும். ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் வேலைநாளில் அது வந்து சேரும். நம் பக்கத்தில் பல வீடுகளில் இந்தப் பணம் சேமிப்புக் கணக்கில் விழுந்ததும், இந்த மாதம் ஒரு மொய், அடுத்த மாதம் ஒரு முறை என்று தடம் தெரியாமல் கரைந்துவிடுகிறது. இந்த முறை மட்டும் பயணத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்து, வட்டியை அங்கே மாற்றிவிடுங்கள். இரண்டு காலாண்டு வட்டி 61,500. ஜூன் முதல் நவம்பர் வரை ஓய்வூதியத்தில் மிஞ்சுவது 36,000. மொத்தம் 97,500. பயணக் கட்டணத்துக்குப் போக 25,500 மீதி இருக்கிறது. ரயிலுக்கும் பைனாகுலருக்கும் அது போதும். வழிச்செலவுக்கும் வழிகாட்டி, ஜீப் ஓட்டுநருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கும் ஜனவரி வட்டி இருக்கிறது. அசலில் கை வைக்காமல் வட்டியில் செலவு செய்வதை நகரத்தார் வீட்டுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்வதை வேறொரு காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். ஏழு மாதம் உங்கள் பணம் அவர்கள் கையில் இருக்கும். போதிய ஆள் சேராமல் பயணம் ரத்தானால் என்ன ஆகும்? முன்பணம் 25 அல்லது 30 சதவீதம், மீதி டிசம்பரில் என்று கேளுங்கள். உங்களால் வர முடியாமல் போனால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் வர வேண்டும். பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு வேண்டாம்.

அடுத்து, அந்த 72,000 ரூபாய்க்குள் என்னென்ன அடங்கும்? தனியாக வருபவர்களுக்குத் தனி அறை என்றால் கூடுதல் கட்டணம் உண்டு. விளம்பரத்தில் பெரும்பாலும் இருவர் பகிரும் விலையைத்தான் போடுவார்கள். பூங்கா நுழைவு, கேமரா கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்பதையும் விடாதீர்கள். ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்தால் பறவை எந்தப் பக்கம் வந்தாலும் பாதிப் பேருக்குத் தெரியாது.

அழிவின் விளிம்பில் இருக்கும் கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்டு) பறவையைக் கட்டாயம் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்பது மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சல்மர் பக்கம்தான் என்றாலும், அங்குள்ள பாலைவன தேசியப் பூங்கா 3,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. உறுதியாகப் பார்க்கக் கிடைப்பது பலோடி அருகே உள்ள கீச்சன் கிராமம். மங்கோலியா, மத்திய ஆசியப் பக்கங்களிலிருந்து டெமாய்செல் கொக்குகள் ஆயிரக்கணக்கில் வந்து குளிர்காலம் முழுக்கத் தங்கும். அங்குள்ள சமணர்களும் வெளியூரில் வணிகம் செய்த குடும்பத்துக்காரர்கள். ஊரில் மாளிகை கட்டிவைத்தவர்கள், இன்றும் கொக்குகளுக்குக் காலையில் தானியம் போட ஏற்பாடு செய்கிறார்கள். உங்களுக்குச் சொந்த ஊர் போலவே தோன்றும். பயணத் திட்டத்தில் கீச்சன் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி லென்ஸ். வட்டியில்லாத் தவணை என்பதில் வட்டி வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., அதன்மேல் செயல்முறைக் கட்டணம். ஒரு தவணை தவறினால் கடன் அட்டையின் முழு வட்டி. மகன் மனது நல்லதுதான். ஆனால் இரண்டு கிலோ எடையை ஆடும் ஜீப்பில் தூக்கிப் பிடிக்கப் போவது நீங்கள்தானே? தவிர, பத்து மணிக்கு மேல் மணலில் கானல் எழுந்துவிட்டால் எந்த விலை லென்ஸிலும் தொலைவில் உள்ள பறவை அலையலையாகத்தான் விழும்.

அதற்குப் பதில் 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் 8×42 அளவில், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். கடைக்காரர் 10×42 சிறந்தது என்பார். கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். மகனுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் இதை வாங்கித் தரட்டும். தொலைவுக்கு வழிகாட்டியிடம் முக்காலியில் நிற்கும் தொலைநோக்கி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு நாலைந்து முறை போய்ப் பழகுங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத கொள்ளுக்குடிப்பட்டி மக்களைப் பற்றி உங்கள் மாணவர்களுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

கம்பளி உடைக்குப் பெரிய செலவு வேண்டாம். விடியலில் குளிர் ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும், திறந்த ஜீப்பில் காற்று வேறு. ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, கையுறை போதும். மங்கிய நிறமாகப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால் ஜோத்பூரில் எந்த மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சை கிடைக்கும் என்று முன்பே கேட்டு எழுதி வையுங்கள்.

ரயிலுக்கு முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, உங்களுக்கு நவம்பர். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாரம் ஒரு ரயில் ஓடுகிறது. வாரம் ஒன்று என்பதால் பயணம் தொடங்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போய்ச் சேர நேரலாம். அந்த அறை வாடகையையும் கணக்கில் சேருங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் போகும்போது மட்டும் விமானத்தில் போய், திரும்பும்போது ரயிலில் வரலாம்.