வாசகர் கேள்வி – பதில்: ஓடுவது சம்பளத்துக்கா, மனசுக்கா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. வேலையில் மேலே போக வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது, பணத்திலிருந்தா, செய்கிற வேலை தரும் நிறைவிலிருந்தா என்பதுதான் அது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடையதையும் போடவில்லை.

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் எட்டு வருடமாக இருக்கிறேன். கோடிங் எனக்குப் பிடிக்கும், நன்றாகச் செய்கிறேன் என்ற பெயரும் இருக்கிறது. இப்போது மேனேஜர் பதவி தருகிறேன் என்கிறார்கள், சம்பளம் நன்றாகவே கூடும். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாரும் மேனேஜர் ஆகிவிட்டார்கள். எனக்கு மட்டும் தயக்கம். வேண்டாம் என்றால் முன்னேறும் ஆசையே இல்லாதவன் ஆகிவிடுவேனா? சரி என்றால் பணத்துக்காகப் போனவன் ஆகிவிடுவேனா?

இரண்டும் இல்லை. பதவி மேல் ஆசை வருவது வேறு, அந்தப் பதவியில் இருப்பவர் நாள் முழுக்கச் செய்கிற வேலையின் மேல் ஆசை வருவது வேறு. நம்மில் பலர் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுத்துவிடுகிறோம்.

உங்கள் மேனேஜரின் ஒரு சாதாரண நாளைக் கவனித்துப் பாருங்கள். வந்ததும் இன்று யார் லீவு, அவர் வேலையை யார் பார்ப்பது என்ற ஏற்பாடு. பத்து மணிக்கு ஒரு மீட்டிங், அதில் முடிவாகாததைப் பேச பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று. நடுவில், சொன்ன தேதி ஏன் தள்ளிப்போனது என்று கேட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மெயில், அதற்கு யாரையும் காட்டிக்கொடுக்காமல் பதில் எழுத வேண்டும். மதியம் டீமில் ஒருவரைத் தனியாக அழைத்து, இந்த வருட அப்ரைசல் நீ எதிர்பார்த்த மாதிரி வரவில்லை என்று சொல்ல வேண்டும், அவர் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே காரணத்தையும் விளக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆசைப்பட்டு ஒரு நூறு வரி கோடு எழுதலாம் என்று திறந்தால் தலை ஓடாது. இதைப் படிக்கும்போதே உங்களுக்குச் சலிப்பாக இருக்கிறதா, அல்லது அந்த வாடிய முகத்தை ஆறு மாதத்தில் நிமிர்த்திக் காட்ட முடியும் என்று தோன்றுகிறதா? இரண்டாவது தோன்றினால் தயங்காமல் போங்கள், நீங்கள் நல்ல மேனேஜர் ஆவீர்கள். முதலாவது என்றால், கூடுகிற சம்பளம் முதல் சில மாதங்கள் தாங்கும், அதற்குப் பிறகு அதுவே உங்கள் சாதாரணச் சம்பளம் ஆகிவிடும், வேலை மட்டும் தினமும் அப்படியே இருக்கும்.

ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த சமயம் எது, மிகவும் வெறுத்துப்போன சமயம் எது என்று கேட்டு 1959-இல் அதை வெளியிட்டார். சந்தோஷக் கதைகளில் அதிகம் வந்தவை சாதித்தது, பாராட்டப்பட்டது, வேலையே சுவையாக இருந்தது, பொறுப்பு கிடைத்தது ஆகியவை. வெறுப்புக் கதைகளில் நிறுவனத்தின் விதிகள், மேலதிகாரி, சம்பளம். அவர் முறையைப் பற்றி அப்புறம் நிறைய விவாதம் நடந்தது என்றாலும், இந்த ஒரு கருத்து எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது: சம்பளம் குறைந்தால் நிச்சயம் வலிக்கும், ஆனால் அது கூடினால் பிடிக்காத வேலை பிடித்துவிடாது. பணமும் நிறைவும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் இல்லை, தனித்தனியாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அதனால் பணத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அந்தக் கூடுதல் தொகைக்குச் சொல்லும்படி ஒரு காரணம் இருக்கிறதா? கடன், பெற்றோரின் மருத்துவச் செலவு, பிள்ளையின் படிப்பு, வேலை போனால் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு, இப்படி ஏதாவது? இருந்தால் பணத்துக்காகப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, குடும்பத்தைக் காப்பாற்றுவதும் ஒரு லட்சியம்தான். அப்படி ஒரு காரணமும் சொல்ல வரவில்லை, கூடச் சேர்ந்தவர்கள் போய்விட்டார்கள் என்பது மட்டும்தான் உறுத்துகிறது என்றால், உங்களை இழுப்பது பணமும் இல்லை வேலையும் இல்லை, நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம். அந்த ஆசையும் எல்லாருக்கும் இருப்பதுதான். ஆனால் அதற்காக, எட்டு வருடம் பழகித் தேர்ந்த ஒரு திறமையை ஓரமாக வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். விற்பனைப் பிரிவுகளை வைத்து 2019-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, நன்றாக விற்றவர்களுக்கே பதவி உயர்வு அதிகம் கிடைத்ததையும், அவர்களில் அதிகம் விற்றவர்களே மேனேஜராக மற்றவர்களைவிடப் பின்தங்கியதையும் காட்டியது. வேலையில் கெட்டிக்காரர் என்பதும் ஆட்களை நடத்தத் தெரிந்தவர் என்பதும் ஒன்றல்ல.

இன்னொரு வழியும் உண்டு. பல மென்பொருள் நிறுவனங்களில் ஆட்களை நிர்வகிக்காமல் தொழில்நுட்பத்திலேயே மேலே போகலாம், ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் என்றெல்லாம் அந்தப் பதவிகளுக்குப் பெயர். உங்கள் இடத்தில் இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் நேரடியாகக் கேளுங்கள். இல்லையென்றால், ஒரு சின்ன டீமைக் கொஞ்ச காலம் நடத்திப் பார்க்கிறேன், ஒத்துவராவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவேன் என்று கேட்டு அதை மெயிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி இறங்க வேண்டாம்.

கேள்வி: கல்லூரி மாணவி. படம் வரைவது என் உயிர். அப்பா, சம்பளம் வருகிற வேலையைப் பார் என்கிறார். தோழியோ படங்களை விற்கச் சொல்கிறாள். பிடித்த வேலைக்குப் பணமும் வந்தால் ஆர்வம் இரண்டு மடங்காகும்தானே?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம், ஆனால் நடப்பது பல சமயம் வேறு மாதிரி. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில், வரைவதில் ஏற்கெனவே ஆர்வமாக இருந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் கட்டிய பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கிடையாது. கொஞ்ச நாள் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட வெகு குறைவான நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. அதே சான்றிதழ்தான், அது வரைவதற்குக் காரணம் ஆனபோது மட்டும் ஆர்வத்தைக் கெடுத்தது.

பெரியவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்ற ஆசையோடு மட்டும் சேர்ந்தவர்களைவிட, அந்த ஆசையோடு, பின்னால் நல்ல வேலை கிடைக்கும் என்ற கணக்கையும் பலமாகச் சுமந்து வந்தவர்கள் படிப்பை முடிப்பதிலும் ராணுவத்தில் நீடிப்பதிலும் பின்தங்கினார்கள்.

இதை வைத்து, படம் விற்காதே என்று சொல்ல மாட்டேன். தாராளமாக விற்கலாம், ஆனால் விற்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். முதல் வரைவு, திருத்தம், அந்த நீலம் வேண்டாம் வேறு நீலம், மறுபடி திருத்தம், பணத்துக்கு இரண்டு முறை ஞாபகப்படுத்தல், இவையெல்லாம் அந்தத் தொழிலின் அன்றாடம். உங்கள் நோட்டுகளில் ஒன்றை மட்டும் விற்பனைக்கும் இணையத்துக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சண்டை வேண்டாம், அவர் பயப்படுவது வாடகை கட்ட முடியாத ஒரு மாதத்தை நினைத்து. எவ்வளவு வருமானம் வந்தால் அந்தப் பயம் போகும் என்று கேட்டு, அந்தத் தொகையை முதலில் எந்த வழியிலாவது உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. வேலையை நான் நேசிக்கிறேன். சம்பள உயர்வு கேட்டால், "நீங்கள் சேவை மனப்பான்மையோடு வந்தவர் ஆயிற்றே, பணத்தைப் பற்றிப் பேசலாமா?" என்கிறார்கள். கேட்டது தப்போ என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

குற்ற உணர்ச்சி உங்களுக்கு வர வேண்டியதில்லை அம்மா, அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு வர வேண்டும். இதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது.

2009-இல் ஸ்டூவர்ட் பண்டர்சன், ஜெஃப்ரி தாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வட அமெரிக்க விலங்குக் காட்சிசாலைகளில் விலங்குகளைப் பராமரிக்கிறவர்களைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் பட்டம் படித்தவர்கள், சம்பளம் குறைவு, வேலை கூண்டு கழுவுவதும் தீனி வெட்டுவதும். இதற்காகவே பிறந்தேன் என்று அவர்களில் பலர் உணர்ந்தார்கள். அந்த உணர்வு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு வேலை அர்த்தமுள்ளதாகத் தெரிந்தது, அவ்வளவுக்குப் பணத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுத்தார்கள், அவ்வளவுக்கு நிர்வாகம் தங்களை ஏமாற்றிவிடுமோ என்ற சந்தேகத்தோடும் இருந்தார்கள். மனநிறைவு ஒரு பக்கம் பலம், இன்னொரு பக்கம் பிறர் பிடித்து இழுக்க வசதியான கயிறு.

மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் எழுதியதை ஊழியர் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். தரையைத் துடைப்பது மட்டும் என் வேலை என்று எண்ணாமல், நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று எண்ணியவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர், நோயாளிகளிடமும் வந்தவர்களிடமும் தாங்களாகவே பேசி, கவனித்து, உதவியவர்கள். கேட்க மனம் நெகிழ்கிறது. ஆனால் அவர்களுடைய நல்ல மனசு அவர்களுடையது, அதைக் காட்டி முதலாளி சம்பளத்தில் ஒரு காசைக்கூடக் குறைக்க உரிமை இல்லை.

அடுத்த முறை கேட்கும்போது அன்பைப் பற்றிப் பேசாதீர்கள், அவர்கள் பேச்சை அங்கே இழுத்தாலும் போகாதீர்கள். எத்தனை குழந்தைகளுக்குப் பாடத்திட்டம் போடுகிறீர்கள், பெற்றோர் சந்திப்புக்கும் அறிக்கை எழுதவும் பள்ளி நேரத்துக்கு வெளியே எவ்வளவு நேரம் போகிறது, உங்கள் தகுதிக்கு மற்ற பள்ளிகளில் என்ன தருகிறார்கள் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். கூட வேலை பார்ப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. நல்ல ஆசிரியை ஒருவர் சம்பளம் போதாமல் விட்டுப் போனால் நஷ்டம் அந்தக் குழந்தைகளுக்குத்தான், நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது இதுதான்.

கேள்வி: எவ்வளவு சம்பாதித்தால் போதும்? ஒரு தொகைக்கு மேல் பணத்தால் மகிழ்ச்சி கூடாது என்கிறார்களே?

அந்தப் பேச்சு 2010-இல் டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 75,000 டாலர் வருமானத்துக்கு மேல் அன்றாட மனநிலை முன்னேறவில்லை என்றார்கள். அதே கட்டுரையில், என் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று மொத்தமாக மதிப்பிடச் சொன்னபோது வருமானத்தோடு மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போனது என்றும் இருந்தது, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற இன்னொரு ஆய்வாளர், அன்றாட மனநிலையும் அந்தத் தொகையில் நின்றுவிடவில்லை என்று காட்டினார். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி: கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் மாறி மாறி மறுப்பு எழுதாமல், பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரை நடுவராக வைத்துச் சேர்ந்தே ஆராய்ந்து 2023-இல் முடிவைச் சொன்னார்கள். பெரும்பாலானோருக்கு வருமானம் கூடக் கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. ஏற்கெனவே ஆழ்ந்த வருத்தத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலருக்கு மேல் பணம் அவ்வளவாக உதவவில்லை.

ஆனால் கூடும் விதம்தான் முக்கியம். சம்பளம் இரண்டு மடங்கானால் மகிழ்ச்சி ஒரு படி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்த படிக்கு மறுபடி இரண்டு மடங்காக வேண்டும், அதற்கடுத்து இன்னும் ஒரு முறை. கீழே இருப்பவருக்குச் சின்னத் தொகையில் கிடைக்கிற படிக்கு, மேலே இருப்பவர் பல வருடம் உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் உங்களுக்கு எவ்வளவு போதும் என்று என்னால் தொகை சொல்ல முடியாது. அடுத்த படிக்கு எத்தனை சாயங்காலங்களைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கணக்குப் போட்டால் பதில் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: நேர்முகத் தேர்வில், "ஏன் இங்கே சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால், சம்பளத்துக்காக என்று உண்மையைச் சொல்லலாமா?

அங்கே சொல்ல வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம். எல்லாரும் சம்பளத்துக்குத்தான் வருகிறார்கள் என்பது கேட்கிறவருக்கும் தெரியும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, வேலை கடினமாகும் நாளில் நீங்கள் தாக்குப்பிடிப்பீர்களா என்பதை. அந்த வேலையில் உங்களுக்கு உண்மையிலேயே செய்யப் பிடித்த ஒரு பகுதியைச் சொல்லுங்கள், அதை இதற்கு முன் எங்கே செய்தீர்கள் என்று ஒரு உதாரணம் கொடுங்கள். ஒரு பகுதிகூடத் தேறவில்லை என்றால் அந்த வேலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் போங்கள்.

சம்பளத்தைப் பற்றி அவர்கள் கேட்கும்போது தொகையைத் தெளிவாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக் கஷ்டத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள், உங்கள் திறமைக்கும் அனுபவத்துக்கும் அந்தத் தொகை என்று மட்டும் சொன்னால் போதும். பேசியது எல்லாம் ஆஃபர் லெட்டரில் வந்திருக்கிறதா, மாதம் கைக்கு எவ்வளவு வரும், போனஸ் என்று காட்டியது நிச்சயமா இல்லையா என்று படித்துப் பார்த்த பிறகு பழைய இடத்தில் ராஜினாமா கொடுங்கள்.