1920-க்குப் பிறகும் மறுக்கப்பட்ட வாக்கு

கேள்வி: அமெரிக்கப் பெண்களுக்கு 1920-ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை கிடைத்துவிட்டது. 1960-களில் மிசிசிப்பியில் நடந்தது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம். அதைப் பெண்கள் வரலாற்றின் திருப்புமுனை என்று சென்ற இதழில் எழுதியது இரண்டையும் போட்டுக் குழப்புவதாகாதா?
– வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: 1920-ஐ முற்றுப்புள்ளியாக எடுத்துக்கொண்டதால்தான் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 18 அன்று டென்னசி மாநிலம் ஒப்புதல் அளித்ததால் நிறைவேறிய 19-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பாலினத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. கறுப்பின ஆண்களைத் தடுப்பதற்காகத் தென்மாநிலங்கள் முன்பே ஏற்படுத்தியிருந்த வாக்கு வரியையும் (வாக்களிக்கக் கட்ட வேண்டிய வரி) எழுத்தறிவுத் தேர்வையும் அது தொடவில்லை. அதே தடைகள் அந்த இனத்துப் பெண்கள் மீதும் பாய்ந்தன. மிசிசிப்பி சட்டமன்றமோ அந்தத் திருத்தத்துக்கு 1984-இல்தான் ஒப்புதல் அளித்தது.

பெண்கள் இயக்கத்துக்குள்ளேயே இந்தப் பாகுபாடு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1913 மார்ச் மாதம் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமைப் பேரணியில், கறுப்பினப் பெண்களோடு கடைசியில் நடக்குமாறு சொல்லப்பட்ட கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், அதை ஏற்க மறுத்து, இல்லினாய் மாநிலத்தவரின் அணியில் இடையில் புகுந்து நடந்தார்.

இனி நீங்கள் ஆட்சேபிக்கும் மிசிசிப்பிக்கு வருகிறேன். பிறர் நிலத்தை விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்ட ஏழைக் குடும்பத்தில் இருபதாவது குழந்தையாகப் பிறந்து, ஆறு வயதிலேயே பருத்தி எடுக்கப் போன ஃபேனி லூ ஹேமர், 1962 ஆகஸ்ட் 31 அன்று வேறு பதினேழு பேரோடு இண்டியனோலா நகருக்குச் சென்று வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் எழுத வேண்டும் என்பது தேர்வு. விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் பதிவு அலுவலரிடம் இருந்தது. ஹேமர் தேறவில்லை. திரும்பும் வழியில், வந்த பேருந்தின் நிறம் சரியில்லை என்று சொல்லிக் காவலர்கள் அதை மறித்து அபராதம் விதித்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் அவர் உழைத்த தோட்டத்தின் முதலாளி, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டியதுதான் என்று அன்றே சொல்லிவிட்டார். ‘நான் உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை; எனக்காகத்தான் போனேன்’ என்று பதில் சொல்லிவிட்டு அன்றிரவே ஹேமர் வெளியேறினார்.

அடுத்த ஆண்டு ஜூனில் வினோனா நகரச் சிறையில், காவலர்களின் கட்டளைப்படி கைதிகள் இருவர் தோல் தடியால் அவரை மாறி மாறி அடித்தார்கள். அதனால் கெட்ட சிறுநீரகம் அவர் இறக்கும்வரை சீராகவில்லை. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் இவற்றை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியின் கவனத்தைத் திருப்ப ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். ஆயினும் ஹேமரின் சாட்சியம் அன்றிரவே ஒளிபரப்பாகி நாடெங்கும் வீடுகளை எட்டியது.

இதெல்லாம் நிறம் பற்றியதுதானே என்பீர்கள். 1961-இல் கட்டி ஒன்றை அகற்றுவதற்காக மருத்துவமனைக்குச் சென்ற ஹேமரின் கருப்பையை, அவருடைய சம்மதம் பெறாமலேயே மருத்துவர் எடுத்துவிட்டார். தென்மாநிலங்களில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இழைக்கப்பட்ட கொடுமை இது. இதில் நிறத்தின் பங்கு இவ்வளவு, பெண்ணாகப் பிறந்ததன் பங்கு இவ்வளவு என்று யாரால் பிரிக்க முடியும்? அவர் பிரிக்கவில்லை, பெண்களை அரசியல் பதவிகளுக்குக் கொண்டுவர 1971-இல் தொடங்கப்பட்ட தேசிய மகளிர் அரசியல் அமைப்பின் நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

1965-இல் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்திய வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்களில் பதிவு செய்திருந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. 1967-இல் ஏறத்தாழ 60 சதவீதம். அந்த மாநிலத்துக் கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்குச்சாவடியின் கதவு திறந்தது இந்த இரண்டு ஆண்டுகளில்தான் என்பதால், சென்ற இதழில் எழுதியதில் மாற்ற எதுவும் இல்லை.