"என்னைப் பெற்றவர் எப்படி இருப்பார்?"

கேள்வி: மகளை ஒன்றரை வயதில் முறைப்படி தத்தெடுத்தோம். அது அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். இப்போது பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மரபியல் பாடம் நடத்திய நாளிலிருந்து கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கிறாள். "என்னைப் பெற்றவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டாள். "நாங்கள் என்ன குறை வைத்தோம்?" என்று கேட்டுவிட்டேன். அதன்பின் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்வது? – ஒரு தாய், நாமக்கல்

பதில்: "என்ன குறை வைத்தோம்" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பதைத் தவிர எந்தப் பிள்ளையாலும் வேறு பதில் சொல்ல முடியாது. அதோடு பேச்சும் நின்றுவிடும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் உங்களை எடைபோடவில்லை, தன்னைத் தேடுகிறாள்.

நம் கல்யாண வீடுகளை நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் பிள்ளைகளின் தாடையைப் பிடித்து, "அப்படியே அப்பத்தா மூக்கு", "தாய்மாமன் நடை" என்பார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்காமலே கிடைக்கிற அந்தச் செய்தி, வரிசையில் உங்கள் மகளை மட்டும் தாண்டிப் போயிருக்கும். பல வருடமாக அதைப் பார்த்தவள் இப்போதுதான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். அதுவும் உங்களிடம் கேட்டிருக்கிறாள்.

முதலில், "அன்று பயத்தில் அப்படிப் பேசிவிட்டேன், நீ கேட்டதில் தப்பே இல்லை" என்று சொல்லுங்கள். பிறகு பீரோவில் இருக்கும் தத்தெடுப்புக் கோப்பை எடுங்கள். குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, குழந்தைகள் இல்லத்தில் வைத்திருந்த பெயர், வந்த நாளில் இருந்த எடை என்று அதில் இருப்பதை நீங்களும் கணவரும் முன்கூட்டியே படித்துவிடுங்கள். மனதை உலுக்கும் வரிகள் இருக்கலாம். அவற்றை மறைக்க வேண்டாம். நிதானமாகச் சொல்ல உங்களைத் தயார்ப்படுத்திக்கொள்ளத்தான் இது.

கோப்பில் இல்லாததைக் கற்பனையால் நிரப்பாதீர்கள். "பாசத்தால்தான் உன்னைக் கொடுத்தாள்" என்று பலர் ஆறுதல் சொல்கிறார்கள். பாசம் இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு பிள்ளை எடுத்துக்கொண்டால், அடுத்த பயம் உங்களைப் பற்றியதாகிவிடும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். பெற்றவரைப் பழித்து ஒரு சொல்லும் வேண்டாம். அது அவள் ரத்தத்தைப் பழிப்பதாகவே அவள் காதில் விழும்.

வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல வழிசெய்து 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் வழியாக வந்த பிள்ளைகள் பலருக்குப் பெற்றவர் பெயரே பதிவில் இருக்காது. உங்கள் மகளின் பதிவும் அப்படித்தான் என்றால், அவள் இருந்த ஊருக்கு, அந்த இல்லத்துக்கு ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். அன்று தூக்கி வைத்திருந்த ஆயா ஒருவர் இன்னும் இருந்தால், எந்த அறிக்கையும் தராததை அவர் தருவார்.

சட்டத்திலும் வழி இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து வேர்த்தேடலுக்கு, அதாவது தன் பிறப்புப் பின்னணியை அறிவதற்கு, விண்ணப்பிக்கலாம். தத்துக் கொடுத்த நிறுவனத்திலோ, மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவிடமோ கேளுங்கள். பெற்றவர் தன் அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவர் சம்மதம் தேவை. மறுத்தாலும், ஒப்படைத்த காரணமும் சூழலும் பிள்ளைக்குச் சொல்லப்படும். இடைத்தரகர் யாரையும் நம்பாதீர்கள். மூன்றாம் நபர் தேடுவதற்கு அனுமதி கிடையாது. அவள் தயாராகும்வரை நீங்களும் அவசரப்படுத்த வேண்டாம்.

சித்தியோ பாட்டியோ வளர்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கதை ஊருக்கே தெரியும், பிள்ளை முன்னால் மட்டும் பேச்சு அடங்கும். மறைந்த தாயின் படத்தைக் கூடத்தில் மாட்டுங்கள். அவள் என்ன சமைப்பாள், எதற்குச் சிரிப்பாள் என்று சாதாரணமாகப் பேசுங்கள். "இவ்வளவு செய்தோமே" என்று மட்டும் எந்தக் கோபத்திலும் சொல்லிவிடாதீர்கள்.

மகள் தூக்கமும் சாப்பாடும் குறைந்து ஒடுங்கிப்போனால் மனநல ஆலோசகரிடம் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். பள்ளியில் யாருக்கு இதைச் சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். பார்த்து முடித்ததும் கோப்பை மறுபடியும் பூட்டிவிட வேண்டாம். ஒரு நகல் எடுத்து அவள் அலமாரியில், அவள் புத்தகங்களோடு வைத்துக்கொள்ளக் கொடுங்கள்.