போனில் றோயல் புளூ, அழைப்பிதழில் கத்தரிப்பூ நிறம்

கேள்வி: தங்கச்சியின் கல்யாண வரவேற்புச் சேலை றோயல் புளூ. அதே நிறத்தில் அழைப்பிதழ் வேண்டுமென்று மட்டக்களப்பு டவுனில் ஓர் அச்சகத்தில் 400 அடிக்கக் கொடுத்தோம். டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், பார்த்துவிட்டுச் சரி என்றேன். வந்ததோ கத்தரிப்பூ நிறம். கேட்டால், "போனில் தெரிவது பிரிண்டில் வராது" என்கிறார்கள். மிச்சக் காசைக் கொடுக்கத்தான் வேண்டுமா? பெனரும் தாம்பூலப் பையும் இன்னும் அடிக்கவில்லை.
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதை அடிக்க முதலே சொல்லியிருக்க வேண்டும்.

போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சில் இருப்பது சயன் (பச்சை கலந்த நீலம்), மஜென்டா (ஊதா கலந்த கடும் இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகள்தான். பளிச்சென்ற செம்மஞ்சள், கிளிப்பச்சை, உங்கள் றோயல் புளூ மூன்றையும் இந்த நான்கால் முழுதாக எட்டிப்பிடிக்க முடியாது. அதிலும் நீலம் பொல்லாதது. சயனோடு மஜென்டாவைக் கலந்துதான் கடும் நீலம் எடுக்கிறார்கள்; இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகப் போனால் ஊதா அடிக்கும். சயன் 100 வீதம் என்றால் மஜென்டாவை 70 வீதத்துக்குள் வைப்பது டிசைன் செய்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். உங்கள் அழைப்பிதழில் இதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். கவனித்திருந்தால், சேலையின் பளபளப்பு வராவிட்டாலும் நீலம் நீலமாகவே வந்திருக்கும்.

எங்கள் ஊர் கண்ணகை அம்மன் சடங்கு நோட்டீஸுக்கு நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன். திரையில் மஞ்சளும் குங்குமமும் சேர்ந்தாற்போல இருந்த நிறம், பூச்சில்லாத தாளில் செங்கல் தூளாக வந்தது. அந்தத் தாள் மையை உறிஞ்சி நிறத்தை மங்கவைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

பெனருக்கும் பைக்கும் இனி ஒன்று செய்யுங்கள். ஒரே டிசைன்தானே என்று விடாமல் இரண்டுக்கும் தனித்தனி மாதிரி கேளுங்கள். பிளெக்ஸில் ஒரு நிறம் வரும், பையில் இன்னொன்று வரும். அடிக்கப்போகும் அதே பொருளில், அதே மெஷினில் எடுத்த மாதிரியாக இருக்கவேண்டும். அதைக் கடையின் டியூப் லைட்டில் பார்க்காமல், வெளியே நிழலான பகல் வெளிச்சத்தில் சேலையோடு வைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் திகதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்குக் கொஞ்சம் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். தங்க நிறம் வேண்டுமென்றால் பொயில் (பளபளக்கும் மெல்லிய தாள் ஒட்டும் முறை) அடிக்கச் சொல்லுங்கள். நான்கு மையில் கலந்த தங்கம் மஞ்சள் கலந்த மண்ணிறமாகத்தான் நிற்கும்.

நிறம் துல்லியமாக ஒத்தே ஆகவேண்டும் என்றால் பான்டோன் எண் (ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள நிலையான எண்) கொடுத்து, அந்த நிறத்துக்கே கலந்த தனி மையில் அடிக்கலாம். 1963இலிருந்து இருக்கும் முறை அது. கம்பனி லோகோவுக்குச் சரி, 400 அழைப்பிதழுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

இனி காசு விஷயம். திரையில் பார்த்து நீங்கள் சரி சொல்லிவிட்டீர்கள், அவர்கள் எச்சரிக்கவில்லை. இரு பக்கமும் பங்கு இருப்பதால், மிச்சக் காசை முழுதாக மறுப்பதைவிட, தாள் செலவை நீங்கள் ஏற்று, அடிக்கும் கூலியை அவர்கள் விட்டுக்கொடுத்துத் திரும்ப அடிக்கக் கேட்பதே நியாயம் என்பேன். கல்யாணம் நெருங்கிய நேரத்தில் விரைவாகத் தீரும் வழியும் அதுதான். இணங்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். சேலை நிறத்தில்தான் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும்.

பேசப் போகும்போது பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணித்துண்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.