கடைசல் பார்த்துக் கற்க முடியுமா?: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் மரக்கடைசல் கற்க விரும்பிச் சிறிய லேத் (மரத்தைச் சுழற்றும் கடைசல் எந்திரம்) ஒன்று வாங்கியிருக்கிறேன். பெங்களூருவில் கைதேர்ந்தவர்கள் கடைந்து காட்டிய நிகழ்ச்சிகளுக்கு இரண்டு முறை போனேன். அங்கே எல்லாம் புரிகிறது. வீட்டில் உளியை வைத்தால் மரம் அதைக் கடித்துப் பிடுங்குகிறது. இப்படிப் போய்ப் பார்ப்பதால் பயன் உண்டா, ஐயா?
வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: உண்டு, நம் கண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து. புதிதாக வருகிறவர்கள் கட்டை கிண்ணமாக மாறும் அழகைத்தான் பார்க்கிறார்கள். நானும் முதல் முறை அப்படியே வாய்பிளந்து பார்த்துவிட்டு வந்து, நல்ல பூவரசங்கட்டை ஒன்றைச் சில நிமிடங்களில் பாழாக்கினேன்.

அடுத்த முறை, உளி மரத்தைத் தொடும் அந்த முதல் நொடியை மட்டும் கவனியுங்கள். தேர்ந்தவர் வெட்டுவாயை நேரே கொண்டுபோய் மரத்தில் வைப்பதில்லை. உளியின் தண்டு முதலில், அதைத் தாங்க லேத்தில் இருக்கும் தாங்கியின்மேல் அமர்கிறது. பிறகு, வெட்டுவாய்க்குப் பின்னால் சாணை பிடித்த சரிவின் பின்பகுதி வெட்டாமல் மரத்தை உரசுகிறது. அதன் பின்னரே அவர் பிடியை மெல்ல உயர்த்த, சரிவு மரத்தில் படிந்து, வெட்டுவாய் சீவத் தொடங்குகிறது. உங்கள் உளி கடிபடுவதற்குப் பெரும்பாலும் இந்த வரிசை தவறுவதே காரணம்: சரிவின் தாங்கல் இல்லாத வெட்டுவாயைச் சுழலும் மரம் கீழே இழுத்துவிடுகிறது.

உளி செல்லும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டில் கால் போல இழை நீளவாக்கில் ஓடும் கட்டையில், பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குச் சீவ வேண்டும். இழை குறுக்கே கிடக்கும் கிண்ணக் கட்டையிலோ, வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கும் கடைவார்கள். நீளக் கட்டையை உருட்டாக்கும் அகன்ற குழியுளியைக் கிண்ணத்தில் ஒருபோதும் வைக்காதீர்கள். பிடிக்குள் செல்லும் அதன் மெல்லிய வால் முறிந்துவிடக்கூடும்.

கடைந்து காட்டுபவரிடம் கேட்கக் கூச்சப்படாத கேள்வி ஒன்று இருக்கட்டும்: எத்தனை பாகையில் சாணை பிடித்திருக்கிறீர்கள்? நீளக் கட்டைக்கான குழியுளிக்கு 40 பாகை அளவும், கிண்ண உளிக்கு 45 முதல் 60 வரையும் வழக்கம். கடையில் வாங்கிய கூர்மையோடு கடைய முயல்வது வீண். வீட்டில் சீவல் சுருளாக வராமல் தூளாக உதிர்ந்தால், உடனே சாணைக்குப் போங்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6,000 முதல் 9,000க்குள் வர வேண்டும். 8 அங்குலக் கட்டைக்கு 750 முதல் 1,125 சுற்று. சீராக உருளாத கட்டைக்கு இன்னும் குறைவு. முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் வேண்டும், கையுறையும் தோள் துண்டும் கூடாது.

பெங்களூருவுக்கு மறுபடி டிக்கெட் எடுக்குமுன், அருகில் கட்டில் கால் கடையும் பட்டறை இருந்தால், அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது அங்கே உட்காருங்கள். மேடையில் ஒரு முறைதான் செய்து காட்டுவார்கள். பட்டறையில் ஒரே கால் நான்கு முறை உருவாவதால், முதல் காலில் தவறவிட்டதை மூன்றாவதில் பிடித்துவிடலாம். அன்று மாலையே வீட்டில் ஒரு பூரிக்கட்டையோ மத்தோ கடைந்து பாருங்கள். கிண்ணம் பிறகு ஆகட்டும். காட்பாடியில் ரயிலேறிப் பெங்களூரு வழியாகச் சன்னபட்ணம் வரை போக முடிந்தால் இன்னும் நல்லது. அங்கே வெட்பாலை மரத்தில் பொம்மை கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் படிகிறது, தாழை மடலால் தேய்த்ததும் மின்னுகிறது.

கேள்வி: பழகுவதற்குப் பச்சை மரமா, காய்ந்த மரமா?
வாசகி, ஆரணி

பதில்: பச்சை மரம், அம்மா. உளிக்கு இணங்கும், தூசியும் குறைவு. ஆனால் காயும்போது கோணிக்கொள்ளும். ஆகவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் கடையுங்கள். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். பல மாதம் காயவிட்டு மறுபடி கடைந்து முடிக்கலாம். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் திறந்து வைத்தால் விரைவில் வெடித்துவிடும். இழை வெட்டுப்பட்ட முகங்களில் மெழுகு தடவி, காகிதப் பையில் அதன் சீவலோடே போட்டு, காற்றடிக்காத மூலையில் வையுங்கள்.