அலுவலக முகப்படத்துக்கு எந்த முகபாவம்?

தொழில் சார்ந்த இடங்களுக்கான முகப்படம் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, முகப்படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஒளிப்படக் கலைஞர் பதிலளிக்கிறார்.

கேள்வி: கட்டமைப்புப் பொறியாளராகப் பிறரிடம் வேலை பார்த்துவந்த நான் இப்போது சொந்தமாக ஆலோசனை நிறுவனம் தொடங்கியிருக்கிறேன். இணையதளத்திலும் நிறுவனக் கையேட்டிலும் என் படம் இடம்பெற வேண்டும். நன்றாகச் சிரித்தபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார் மனைவி. பல் தெரியச் சிரித்தால் ஆளின் கனம் குறைந்துவிடும் என்கிறார் என் முன்னாள் மேலதிகாரி. யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இருவரும் உங்கள் மீதுள்ள அக்கறையால்தான் சொல்கிறார்கள். ஆனால், அந்தப் படத்தைப் பார்க்கப்போகிறவராக இருவரும் வெவ்வேறு ஆட்களை மனத்தில் வைத்திருக்கிறார்கள். எனவே, சிரிப்பதா வேண்டாமா என்பதை ஒத்திவைத்துவிட்டு, உங்கள் படத்தை யார், எந்த நிலையில் பார்க்கப்போகிறார் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டவிருக்கும் ஒருவர் உங்கள் முகத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுவார். இவருக்கு வேலை தெரியுமா என்பது ஒன்று. கம்பிக் கணக்கில் சந்தேகம் கேட்டால் எரிந்து விழாமல் விளக்குவாரா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கண்ணின் நிதானம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வாயின் இளக்கம் பதில் சொல்லும். உங்கள் தொழிலுக்கு, கண்கள் நேராகவும் அசையாமலும் லென்ஸைப் பார்க்க, உதடு மூடியோ மேல்வரிசைப் பல் சற்றே தெரியவோ அமைந்த ஒரு சிறு புன்னகைதான் பொருத்தம் என்பது என் கருத்து.

இது எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் விதி என்று நினைத்துவிட வேண்டாம். குழந்தைகள் நல மருத்துவரும் மழலையர் பள்ளி ஆசிரியரும் மனம்விட்டுச் சிரிக்கலாம். பயந்த குழந்தையை அழைத்துவரும் பெற்றோருக்கு அந்தச் சிரிப்பே பாதி ஆறுதல். புற்றுநோய் மருத்துவரிடமோ குற்றவியல் வழக்கறிஞரிடமோ வருகிறவர் பெரும் கவலையோடு வருகிறார். அவரை வரவேற்கும் முகத்தில் அகலமான சிரிப்பு ஒட்டாது. மனநல ஆலோசகர்களுக்கு, உதடுகள் லேசாக மூடி, தலை இம்மியளவு சாய்ந்து, எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகமே பொருந்தும்.

முதல் பார்வைக்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் ஆகிய இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத முகங்களை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே பார்த்தவர்கள், இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்றெல்லாம் கணித்தார்கள். அந்தக் கணிப்புகள், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்தவர்களின் கணிப்புகளோடு பெரிதும் ஒத்துப்போயின. அத்தகைய கணிப்பு உண்மையாக இருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. படத்தைப் பார்ப்பவர் உங்கள் தகுதிகளைப் படிக்கும் முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார் என்பதுதான் செய்தி.

அந்த முடிவு பெரும்பாலும் கண்ணைப் பார்த்தே எடுக்கப்படுகிறது என்பது என் அனுபவம். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் டுஷேன், முகத் தசைகளை மின்சாரத்தால் ஒவ்வொன்றாகத் தூண்டி, விளைவுகளைப் படமெடுத்து 1862-இல் வெளியிட்டார். கன்னத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் தசை மட்டும் இழுபட்டால் அது வெறும் வாய்ச் சிரிப்பு. உண்மையான மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள வளையத் தசையும் சேர்ந்து சுருங்குகிறது என்று அவர் காட்டினார். வாயோரத் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றிய தசை அவ்வளவு எளிதில் பணியாது. 'சிரிங்க சார்' என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கட்டளையிட்டு வரவழைக்கும் சிரிப்பு பொய்யாகத் தெரிவதற்கு இதுவே காரணம். 'சீஸ்' என்று சொல்லச் சொல்வதும் அதே பிழைதான். அந்த ஒலி உதட்டைப் பக்கவாட்டில் இழுக்குமே தவிர, கன்னத்தை மேலே தூக்காது.

கண்ணைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் மனத்துக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். மூட்டு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவர் என் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததுமே பல்லைக் கடித்துக்கொண்டதில், காதுக்குக் கீழே தாடைத் தசை புடைத்து நின்றது. எடுத்த படங்களிலெல்லாம் யாரையோ கண்டிக்கக் காத்திருப்பவர்போலத் தெரிந்தார். கேமராவிலிருந்து முகத்தை எடுத்து, முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு மூதாட்டி "மாடிப்படி ஏற முடியுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். மூட்டு எப்படி ஆறும், எத்தனை நாளில் கோலை விடலாம் என்று கையை அசைத்து விளக்கத் தொடங்கியவர், கடைசியில் "தாராளமா ஏறலாம் பாட்டி" என்று சொல்லி நிறுத்தினார். பேச்சு முடிந்து உதடு சேர்ந்த அந்த நொடியில் அவருடைய கீழிமை சற்று உயர்ந்திருந்தது, தாடை தளர்ந்திருந்தது. அந்தப் படத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

உங்களைப் படமெடுப்பவரிடமும் இதையே கேளுங்கள்: உங்கள் வேலையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, நீங்கள் பதில் சொல்லி முடிக்கும் தறுவாயில் எடுக்கச் சொல்லுங்கள். தனியாகச் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வாய்க்குள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கட்டும். மூச்சை வாய் வழியாக மெல்ல விட்டு முடித்ததும் லென்ஸைப் பாருங்கள். கண்ணை அகல விரித்தால் மிரட்சி தெரியும். கீழிமையை மட்டும் சற்றே உயர்த்தினால் உறுதி தெரியும். முகவாயைச் சற்று முன்னே நீட்டி, அங்கிருந்து கொஞ்சம் தாழ்த்துங்கள். செய்யும்போது கோணலாகத் தோன்றினாலும், படத்தில் தாடையின் கோடு தெளிவாக விழும். முகவாய் மேலே தூக்கியிருந்தால் எவ்வளவு இனிய புன்னகையும் ஆணவமாகவே படும்.

கேள்வி: எனக்குச் சிறு வயதிலிருந்தே தெத்துப்பல். சிரித்தால் கை தானாக வாயருகே போய்விடும். கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். துறையின் பக்கத்தில் போடப் படம் கேட்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு சிரித்தால் எதையோ அடக்கி வைத்திருப்பதுபோல இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகி, மதுரை)

பதில்: நீங்கள் கவனித்தது மிகச் சரி. பல்லை மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் உதடுகளை இறுக்கும்போது, வாயைச் சுற்றியுள்ள தசை உள்நோக்கி இறுகுகிறது. புன்னகைக்கும் தசையோ வாயோரத்தை வெளியே இழுக்கிறது. இந்த இழுபறியில் மேலுதடு மெலிந்து, முகவாயில் சிறு சிறு குழிகள் விழும். பார்ப்பவருக்கு அது அடக்கிய சிரிப்பாகவோ அடக்கிய கோபமாகவோ தோன்றும். உதடுகளை மூட வேண்டாம், தொட மட்டும் விடுங்கள். 'ம்' என்று மெதுவாக ஒலித்து நிறுத்தினால் உதடுகள் எவ்வளவு அழுத்தத்தில் சேர்ந்திருக்கின்றனவோ அவ்வளவு போதும். உள்ளே பற்கள் விலகியிருக்கட்டும். பிறகு வாயை மறந்துவிட்டுக் கன்னங்களை மட்டும் உயர்த்தப் பாருங்கள்.

இதோடு பதிலை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வகுப்பில் தினமும் உங்கள் மாணவர்கள் பார்க்கப்போவது அந்தப் பல்லோடு கூடிய சிரிப்பைத்தான். படத்தில் உள்ளவரும் வகுப்புக்குள் நுழைகிறவரும் ஒருவராகவே இருந்தால் நல்லதல்லவா? எனவே, வாய் மூடியும் பல் தெரியவும் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டிலிருந்து விழும் கடுமையான விளக்கொளி, முன்தள்ளிய பல்லின் நிழலைப் பக்கத்துப் பல்லின் மேல் விழச்செய்து அதைப் பெரிதாக்கிக் காட்டும். பெரிய சன்னலை எதிர்நோக்கி உட்கார்ந்தால், பரந்து வரும் ஒளியில் அந்த நிழல் பெரும்பாலும் கரைந்துவிடும். முகத்தை இரு பக்கமும் சிறிது திருப்பிப் பார்த்து, உங்களுக்கு எது இதமோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: கணினியில் அந்தப் பல்லை நேராக்கித் தருகிறோம் என்று ஸ்டுடியோவில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அமெரிக்க விசாவுக்காக அண்மையில் படம் எடுத்தேன். அதையே வேலை விண்ணப்பங்களுக்கும் பயன்படுத்தலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வேண்டாம். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் எடுக்கும் படம், அதிகாரியும் கணினியும் உங்களை அடையாளம் காண்பதற்காக எடுக்கப்படுவது. அதற்காகத்தான் வாய் மூடி, இரு கண்களும் திறந்து, உணர்ச்சி எதுவும் காட்டாமல் நேராகப் பார்க்கச் சொல்கிறார்கள். அமெரிக்க விசாப் படத்தில் 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடிகூட அணியக் கூடாது. தினமும் கண்ணாடி அணிபவர் என்றால், நேர்காணலுக்கு வரும் உங்களை அந்தப் படத்தோடு பொருத்திப் பார்ப்பதே கடினம். வேலைக்கு எடுப்பவர் தம்மோடு பணிபுரியப்போகிற மனிதரைப் பார்க்க விரும்புகிறார். அதற்குத் தனியாக ஒரு படம் எடுங்கள், கண்ணாடியோடு எடுங்கள். கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டால், காதில் மாட்டும் தண்டை இம்மியளவு உயர்த்தினால் பளிச்சிடல் விலகி, கண் தெரியும்.

கேள்வி: ஸ்டுடியோவுக்குப் போகும் வசதியில்லை. கைப்பேசியில் நானே எடுத்தால் மூக்கு பெரிதாகவும் பார்வை வெறித்தும் இருக்கிறது. முகபாவத்தை எப்படிச் சரிசெய்வது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் முகபாவத்தில் குறையில்லை, கைப்பேசி முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. கை எட்டும் தூரத்திலிருந்து எடுத்தால், லென்ஸுக்கு அருகில் உள்ள மூக்கு பெருத்தும், தள்ளியுள்ள காதுகள் சிறுத்தும் விழும். முகபாவம் எதுவானாலும் அந்த அமைப்பு அதைக் கெடுத்துவிடும். கைப்பேசியை வேறொருவரிடம் கொடுத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி, உங்கள் கண் மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கக் கேமராவில், இருந்தால் இரு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுக்கட்டும். பார்வை வெறிப்பதற்குக் காரணம், திரையில் உங்களையே நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது. தன் முகத்தைக் கண்காணிப்பவரின் முகம் இறுகித்தான் இருக்கும். பின்பக்கக் கேமராவில் திரை உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்தத் தொல்லையும் தீரும். பகல் வெளிச்சம் வரும் சன்னலைப் பார்த்து நின்றால் கண்மணியில் ஒரு வெண்புள்ளி விழும். அது இல்லாத கண்ணில் உயிர் இருக்காது.

மிக முக்கியமான மற்றொன்று: கைப்பேசியில் உள்ள அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். பல கைப்பேசிகளில் அது நாம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். தோலை வழவழப்பாக்குகிறேன் என்று அது முதலில் அழிப்பது கண்ணோரச் சுருக்கங்களை. மனமாரச் சிரித்ததற்கான அடையாளமே அந்தச் சுருக்கங்கள்தான். அவை போனபின் வாய் மட்டும் சிரிக்க, கண் சும்மா இருக்கும் முகம் மிஞ்சும். நல்ல முகபாவத்தை அரும்பாடுபட்டு வரவழைத்துவிட்டு அதைக் கருவியிடம் பறிகொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: எடுத்த படம் எதுவுமே எனக்குப் பிடிப்பதில்லை. கணவரும் மகளும் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் படமே எனக்கு வேறு யாரோபோலத் தெரிகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? (வாசகி, சேலம்)

பதில்: அவர்கள் தேர்ந்தெடுத்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தை நீங்கள் அன்றாடம் பார்ப்பது கண்ணாடியில். அங்கே இடம் வலமாக மாறித் தெரிகிறது. எவருடைய முகமும் இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரு புருவம் சற்று உயர்ந்திருக்கும், சிரிக்கும்போது வாயின் ஓர் ஓரம் முந்திக்கொண்டு மேலேறும். படத்தில் இவையெல்லாம் நீங்கள் பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தெரிவதால் அந்நியமாகத் தோன்றுகிறது. அமெரிக்காவில் 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே படத்தை உள்ளபடியும் இடம் வலமாக மாற்றியும் காட்டியபோது, படத்தில் இருந்த பெண்கள் பெரும்பாலும் மாற்றிய படத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய நெருங்கியவர்களோ உள்ளபடியான படத்தை விரும்பினார்கள். பழகிய முகமே எவருக்கும் பிடிக்கிறது. உங்கள் படத்தைப் பார்க்கப்போகிறவர்கள் உங்களை நேரில் பார்க்கும் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார்கள் என்பதால், இந்த விஷயத்தில் உங்களைவிட உங்கள் மகளின் கண்ணே சரியான கண்.

வீட்டாரோடு கூடவே, உங்கள் தொழில் தெரிந்த, ஆனால் உங்களோடு நெருங்கிப் பழகாத ஒருவரிடமும் இரண்டு மூன்று படங்களைக் காட்டுங்கள். 'எது அழகு?' என்று கேட்காமல், 'இவர்களில் யாரிடம் வேலையை நம்பி ஒப்படைப்பீர்கள், யாரிடம் தயங்காமல் பேசுவீர்கள்?' என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே படம் பதிலாக வந்தால் வேறு யோசனையே வேண்டாம். அப்படி வராவிட்டால், முன்பின் அறியாதவர்கள் உங்களைத் தேடிவரும் தொழில் என்றால் தயங்காமல் பேசத் தோன்றும் படத்தையும், ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்ட தொழில் என்றால் நம்பி ஒப்படைக்கத் தோன்றும் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக முடிவுசெய்யும் முன், லிங்க்ட்இன், வாட்ஸ்அப் போன்றவற்றில் வரும் அளவுக்கு, சுண்டுவிரல் நகத்தளவு வட்டமாகப் படத்தைச் சுருக்கிப் பாருங்கள். பெரிய அளவில் இதமாக இருந்த மெல்லிய புன்னகை அந்த அளவில் காணாமல் போய், முகம் கடுமையாகத் தெரிவதுண்டு. அப்படித் தெரிந்தால் அந்த இடங்களுக்கு மட்டும், அதே உடையில், அதே அமர்வில் எடுத்த இன்னும் சற்று விரிந்த புன்னகையைப் பயன்படுத்துங்கள். தோள் வரை இருக்கும் படத்தைக் கழுத்துப் பட்டை வரை வெட்டி, வட்டத்தின் பெரும்பகுதி முகமாகவே இருக்கும்படி செய்யுங்கள்.